கத்தி போன வழி: பழைய ஜப்பானிய மர விலங்குகளை வீட்டில் வைப்பது எப்படி

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கரடி கடையில் வாங்கியதல்ல. தோக்கியோவை ஒட்டிய சைத்தாமாவில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் எதிர்வீட்டு அம்மா, முதியோர் இல்லத்துக்குப் போவதற்கு முன் வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் சாயங்காலம் கதவைத் தட்டி, பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு கனமான பொருளை இரண்டு கையாலும் நீட்டினார். வாயில் சால்மன் மீனைக் கவ்விய மரக்கரடி. "என் வீட்டுக்காரரோடு ஹொக்கைடோ போனபோது வாங்கினது. குப்பையில் போட மனசு வரலை. நீங்க வச்சுக்கறீங்களா?" என்றார். திருப்பிப் பார்த்தேன். அடிப்பலகையில் பென்சிலில் 'ஷோவா 43' என்று எழுதியிருந்தது. ஷோவா என்பது ஜப்பானில் ஒரு பேரரசரின் ஆட்சிக்காலக் கணக்கு; அந்த ஆண்டோடு 1925-ஐக் கூட்டினால் நம் ஆண்டு வரும். 1968.

என் அப்பா தச்சர். எந்த மரத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் விரலால் தடவி ஓட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார். அந்தப் பழக்கம் எனக்கும் உண்டு. கரடியின் முதுகைத் தடவினேன். ஒவ்வொரு மயிரும் முக்கோண உளியின் ஒரே இழுப்பு. தொடங்கும் இடத்தில் ஆழம், முடியும் இடத்தில் நூல் போல மெலிவு. இடது தோளில் ஒரு இடத்தில் உளி வழுக்கி, அடுத்த மயிரின் மேல் ஏறியிருந்தது. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஒருவரின் மணிக்கட்டு அசைந்த அசைவு அப்படியே விரலுக்குக் கீழே கிடந்தது.

அந்தக் கரடியோடு சேர்த்து இதுவரை பதினோரு விலங்குகள் வீட்டுக்கு வந்திருக்கின்றன. அவற்றோடு பழகிக் கற்றதை இங்கே எழுதுகிறேன். வாங்கும்போதும், துடைக்கும்போதும், அலமாரியில் வைக்கும்போதும் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: கத்தி போன வழி கண்ணுக்குத் தெரிகிறதா?

கரடியிலிருந்து தொடங்குங்கள்

ஜப்பானில் பழைய மர விலங்கு என்றாலே முதலில் கிடைப்பது நாட்டின் வடகோடித் தீவான ஹொக்கைடோவின் கரடிதான். கிபோரி குமா என்பார்கள். போருக்குப் பிந்தைய சுற்றுலாக் காலத்தில் ஹொக்கைடோ போய் வந்த குடும்பங்கள் பரிசாகத் தூக்கி வந்தவை. அந்தத் தலைமுறை இப்போது வீடுகளைக் காலி செய்வதால் பழைய பொருள் விற்கும் ரீசைக்கிள் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. சாதாரணக் கரடி 1,000 யெனிலிருந்து 3,000 யெனுக்குள் எனக்குக் கிடைத்திருக்கிறது. மலிவு என்பதற்காக எதையாவது எடுத்துவிடாதீர்கள். நூறு கரடிகளில் ஒன்றுதான் உங்களைத் திரும்பிப் பார்க்க வைக்கும். அந்த ஒன்றைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் கதை தெரிந்திருக்க வேண்டும்.

ஹொக்கைடோவின் தென்பகுதியில் யாகுமோ என்ற ஊர். அங்கே ஓவாரி தொகுகாவா என்ற பழைய பிரபுக் குடும்பத்துக்குப் பண்ணை இருந்தது. குடும்பத் தலைவர் தொகுகாவா யோஷிசிகா 1920-களின் தொடக்கத்தில் ஐரோப்பா போனபோது, சுவிட்சர்லாந்தில் விவசாயிகள் செதுக்கிய மரப்பொருட்களைப் பார்த்து வாங்கி வந்தார். பனியில் வேலையில்லாமல் கிடக்கும் மாதங்களில் யாகுமோ விவசாயிகளும் இப்படிச் செய்யலாமே என்று சொன்னார். 1924-இல் ஊரில் நடந்த கண்காட்சிக்கு இதோ மசாவோ என்ற பால்பண்ணை விவசாயி ஒரு கரடியைச் செதுக்கிக் கொண்டுவந்தார். அதே காலத்தில் வடக்கே அசாஹிகாவாவின் சிகாபுமியில் மட்சுயி உமெதாரோ என்ற, ஹொக்கைடோவின் பழங்குடியான ஐனு இனத்தவரும் கரடி செதுக்கத் தொடங்கினார். இந்த இரண்டு ஊற்றும் சேர்ந்ததுதான் பிறகு வந்த வெள்ளம்.

கையில் எடுத்தால் வித்தியாசம் தெரியும். யாகுமோ கரடி பெரும்பாலும் சாது, உட்கார்ந்திருக்கும், நடந்துகொண்டிருக்கும். மயிர், தோள் திமிலில் ஒரு புள்ளியிலிருந்து செவ்வந்திப் பூ விரிவதுபோல் நாலாபுறமும் ஓடும். அசாஹிகாவா வழிக் கரடிகள் முறுக்கானவை. உறுமும், மீனைக் கவ்வும், மயிர் நீளமாக, நெருக்கமாக விழும். மயிரே இல்லாமல் பட்டை பட்டையாகச் சீவிய கரடியும் உண்டு, அதை மென்போரி என்பார்கள். யாகுமோவின் ஷிபாசாகி ஷிகெயுகி (1905–1991) கைக்கோடாலியால் மரத்தைப் பிளந்து, கொஞ்சமே கொத்தி, கரடி இருக்கிறது என்று மட்டும் உணர்த்திவிட்டு நிறுத்திவிடுவார். அவருடைய கரடிகள் இன்று சேகரிப்பாளர்களிடம் லட்சக்கணக்கான யெனுக்குப் போகின்றன. நம் கைக்கு எட்டாது. ஆனால் யாகுமோவில் 2014-இல் திறந்த மரக்கரடி அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். பிறகு ரீசைக்கிள் கடை அலமாரியைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும்.

கடையில் நான் பார்ப்பது இவைதான். முதலில் முகம்: இரண்டு கண்ணும் ஒரே இடத்தைப் பார்க்கிறதா? அவசரமாகச் செய்த கரடிக்கு ஒரு கண் உங்களையும் ஒரு கண் கூரையையும் பார்க்கும். அடுத்து, கால்களுக்கு இடையே விரலை விட்டுப் பார்ப்பேன். வயிற்றின் அடியிலும், மீனுக்கும் தாடைக்கும் நடுவிலும் உளி போயிருந்தால் அந்த ஆள் நேரம் எடுத்திருக்கிறார். அந்த இடம் மழமழவென்று ஒரே குழியாக இருந்தால், அச்சுப் பார்த்து இயந்திரம் குடைந்த உருவத்தில் மேலே மட்டும் மயிர் போட்டிருக்கலாம். மயிர்க்கோடுகள் சீப்பால் வாரியதுபோல் ஒரே ஆழம், ஒரே இடைவெளி என்றாலும் எனக்குச் சந்தேகம்தான். பிறகு பாதம்: சுட்ட முத்திரை, உளியால் கீறிய பெயர், பென்சில் தேதி எதுவும் இருக்கலாம். ஒன்றும் இல்லாததால் தரக்குறைவு என்று அர்த்தமில்லை. என்னிடம் இருப்பதில் மிக அழகான கரடிக்குக் கையெழுத்தே கிடையாது.

வெடிப்பைப் பார்த்துப் பயப்படாதீர்கள். மரம் காயும்போது வளையங்களின் சுற்றுவாட்டில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆகவே, நடுத்தண்டோடு சேர்ந்த கட்டையில் செதுக்கினால் எங்காவது பிளந்தே தீரும். பழைய வெடிப்பின் உட்புறம் வெளிப்புறத்தைப் போலவே கறுத்திருக்கும். அது ஓய்ந்த வெடிப்பு. உள்ளே வெளிர் நிறமாக, புதிதாகத் தெரிந்தால் இன்னும் விரியக்கூடும். எதையும் மரப்பசையால் நிரப்ப வேண்டாம். அடுத்த மழைக்காலத்தில் மரம் ஊதும்போது பசை விட்டுக்கொடுக்காது, வேறிடத்தில் பிளக்கும்.

ஒரு விஷயத்தை மனதில் வைத்திருங்கள். ஐனு மக்களுக்குக் கரடி, கிமுன் காமுய், மலையின் தெய்வம். சடங்குக்குத் தலையில் அணியும் சபான்பேயில் கரடித்தலையைச் செதுக்கி வைக்கும் மரபு அவர்களுடையது. பெரிய மீன்பிடி ஆந்தை கிராமத்தைக் காக்கும் தெய்வம். ஜப்பானிய வீடுகளில் கரடியைச் செருப்பு அலமாரி மேல் வைப்பது வழக்கமாக இருந்தாலும், என் வீட்டில் கரடியும் ஆந்தையும் செருப்புக்கு அருகில் இருப்பதில்லை. பழையதை மலிவாக வாங்குகிற கையோடு, ஆக்கான் ஏரிக்கரை ஐனு கொத்தானில் (ஐனு கிராமத்தில்) இன்று செதுக்கும் ஒருவரிடம் ஒன்றாவது வாங்குங்கள் என்றும் சொல்வேன். அந்தக் கை தொடர வேண்டும்.

கரடிக்கு அப்பால்

யமகாத்தாவின் யோனெசாவா பக்கத்தில் சாசானோ கிராமத்துப் பருந்து, ஒதாகா போப்போ. கொஷிஅபுரா என்ற வெளுத்த மரம், சாருகிரி என்ற பெரிய கத்தி. இறகுகள் ஒட்டியவை அல்ல. அதே கட்டையின் மேற்புறத்தைச் சுருள் சுருளாகச் சீவி, வேரறுக்காமல் நிறுத்திவிடுவார்கள். ஆட்சியாளர் உயேசுகி யோசான் (1751–1822) பனிக்கால வருமானமாக ஊக்குவித்த வேலை என்பார்கள். கத்தி போன வழியைப் பார்க்க இதைவிடத் தெளிவான பொருள் எனக்குத் தெரியாது. ஒரு சுருள் உடைந்திருந்தாலும் வாங்காதீர்கள், ஒட்டவே முடியாது.

ஹிதா தாகாயாமாவின் இச்சிஇ இத்தோபோரி வேறு குணம். இத்தோபோரி என்றால் ஒற்றைக் கத்திச் செதுக்கல். யூ என்னும் ஊசியிலை மரத்தில் செதுக்கி, சாயமே பூசாமல் விடுவார்கள். 19-ஆம் நூற்றாண்டில் மட்சுதா சுகெனாகா (1800–1871) தொடங்கிய வழி. மரத்தின் வைரம், அதாவது உட்கட்டை, செம்பழுப்பு; வெளிறு, அதாவது வெளிக்கட்டை, வெள்ளை. நல்ல கைவினைஞர் அந்த இரண்டு நிறத்தையும் ஆமையின் ஓட்டுக்கும் காலுக்கும் பங்கிட்டுவிடுவார். வருஷம் போகப்போக நிறம் ஆழ்ந்து, தானாகவே பளபளப்பு ஏறும். தவளையோ ஆமையோ சின்னதாக ஒன்று வாங்கி, வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் தடவிக்கொண்டே இருங்கள், போதும்.

நாராவின் இத்தோபோரி மான் பட்டை பட்டையாகச் செதுக்கி வண்ணம் தீட்டியது. அழகு, ஆனால் வெயில் ஆகாது. ஹச்சினோஹேயின் யாவதா குதிரையும் ஃபுகுஷிமாவின் மிஹாரு குதிரையும் குழந்தைகள் கையில் புழங்கிய வகை. மிஹாரு குதிரை 1954-இன் புத்தாண்டுத் தபால்தலையில்கூட வந்தது. கியூஷூவில் சக்கரம் வைத்த கிஜிகுருமா, காட்டுக்கோழி வண்டி. சிறு வீட்டுக்குக் குதிரை நல்ல தொடக்கம்: கைக்கு அடக்கம், நிறம் கலகலப்பு, குழந்தை தொட்டாலும் பதற வேண்டாம்.

எங்கே வாங்குவது? கியோத்தோ தோஜி கோயிலில் மாதந்தோறும் 21-ஆம் தேதிச் சந்தை, கிதானோ தென்மாங்கூவில் 25-ஆம் தேதி. தோக்கியோவில் செதாகாயாவின் போரோஇச்சி, டிசம்பர் 15, 16, மறுபடி ஜனவரி 15, 16. காலை முதல் ஒரு மணி நேரத்தில் போய்விடுங்கள். சந்தையில் வாங்குவதே எனக்குப் பிடிக்கும், கையில் எடுத்துப் பார்க்கலாம். இணைய ஏலத்தில் வாங்குவதானால் அடிப்பாகம், முதுகு, முகத்தை நேராக எடுத்த படம் மூன்றும் கேட்டு வாங்குங்கள்; மேலிருந்து எடுத்த ஒற்றைப் படத்தை நம்பாதீர்கள்.

துடைப்பது

செதாகாயா சந்தையில் 1,500 யெனுக்கு ஒரு பருந்து வாங்கினேன். இறகில் படிந்திருந்த தூசியைப் பார்க்கப் பொறுக்காமல் ஈரத்துணியால் ஒரே ஒரு தடவை துடைத்தேன். சிவப்புச் சாயம் வெள்ளை மரத்தில் இழுத்துக்கொண்டு போனது. யாரோ ஒரு பனிக்காலத்தில் செய்த வேலையை நான் அரை நொடியில் கெடுத்தேன். இன்றும் அந்தத் தடம் இருக்கிறது. வண்ணம் தீட்டிய எதன் மேலும் தண்ணீர் படக்கூடாது. நாரா மானின் வெள்ளை, சிப்பியைப் பொடித்துச் செய்யும் கோஃபுன். அதைப் பிடித்துவைத்திருப்பது விலங்குப் பசை. ஈரம் பட்டால் பசை இளகிவிடும்.

வண்ணம் இல்லாத கரடிக்கும் முதலில் தூரிகைதான். ஆட்டு மயிரில் செய்த அகலத் தூரிகை ஒன்று வைத்திருக்கிறேன். மயிர்க்கோடு ஓடும் திசையிலேயே, தோளிலிருந்து வால் பக்கமாக இழுக்க வேண்டும். எதிர்த்திசையில் தேய்த்தால் சிராய் எழும்பும், தூசி கோட்டுக்குள் அடைந்துகொள்ளும். வேக்குவம் கிளீனரின் வாயில் மெல்லிய துணியைக் கட்டி, மரத்தைத் தொடாமல் பக்கத்தில் பிடித்தால் கிளம்பும் தூசி போய்விடும். மீனின் செவுள், நகங்களின் இடுக்கு இவற்றுக்கு மூங்கில் குச்சி நுனியில் கொஞ்சம் பஞ்சு.

சிகரெட் புகை படிந்து பிசுபிசுத்த கரடிகளும் வரும். அடிப்பலகையில் மறைவான இடத்தில், நன்றாகப் பிழிந்த பஞ்சை ஒருமுறை உருட்டிப் பாருங்கள். மஞ்சளாக வந்தால் புகை. செம்பழுப்பாக வந்தால் அது மரத்துக்குப் பூசிய சாயம், அங்கேயே நிறுத்துங்கள். புகைதான் என்றால் சிறு சிறு இடமாக, பிழிந்த துணியால் ஒற்றி, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்கலாம். ஒரே நாளில் முடிக்க வேண்டாம். எங்கள் முதல் கரடிக்கு மூன்று வாரம் ஆயிற்று.

எண்ணெய் பூசலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பூச வேண்டாம். காமேலியா எண்ணெயானாலும் சரி, வேறு எதுவானாலும் சரி, கோட்டுக்குள் தங்கித் தூசியைப் பிடித்து, ஒரு வருஷத்தில் மயிரெல்லாம் ஒரே கறுப்புப் பாளமாகிவிடும். பளபளப்பு வந்த அளவுக்கு உளித்தடம் மறையும்.

உளுத்துப்போகாமல்

புதிதாக வந்த விலங்கை உடனே அலமாரியில் சேர்ப்பதில்லை. கறுப்புத் தாளின் மேல் தனியாக இரண்டு வாரம் வைப்பேன். மாவு போன்ற பொடி விழுந்திருந்தால், உள்ளே புழு உயிரோடு இருக்கிறது. அகன்ற இலை மரங்களின் வெளிறில் உள்ள மாவுச்சத்துதான் இவற்றுக்குத் தீனி. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துளை போட்டு, இளவேனில் முடிந்து வெயில் ஏறும் மாதங்களில் வண்டாக வெளியேறும். துளை மட்டும் இருந்து பொடி விழாவிட்டால் பெரும்பாலும் பழைய கதை, கவலை இல்லை.

பொடி விழுந்தால் உறைபெட்டியில் வைக்கலாம். பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி, இன்னொரு பையில் போட்டு மூடி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம். எடுத்ததும் பையைத் திறக்கக்கூடாது. முழுதாக ஒருநாள் அறையில் வைத்து, குளிர் இறங்கிய பிறகு திறங்கள். இல்லாவிட்டால் நீர் மரத்தின் மேலேயே கோத்துக்கொள்ளும். வண்ணம் தீட்டியது, கோஃபுன் பூசியது, அரக்கு மெருகு உள்ளது எதையும் இப்படிச் செய்யாதீர்கள். உறைபெட்டியில் நுழையாத பெரிய கரடிக்கு, வீட்டுச் சாமான் விற்கும் ஹோம் சென்டரில் ஊசிமூக்கு வைத்த மரப்புழு மருந்து கிடைக்கும். துளைக்குள் மட்டும் செலுத்தி, வழிந்ததை உடனே ஒற்றி எடுங்கள்.

வைப்பது

இதைத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன், கடைசியில்தான் வந்து சேர்ந்திருக்கிறேன்.

முதலில் வெளிச்சம். நேர் மேலே இருக்கும் கூரை விளக்கில் கரடி ஒரு கருப்புக் கட்டை. முகமும் தெரியாது, மயிரும் தெரியாது. பக்கவாட்டில் இருந்து, தாழ்வாக வரும் ஒளிதான் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு பக்கம் வெளிச்சமும் ஒரு பக்கம் நிழலும் கொடுக்கும். ஒரு சின்னக் கைவிளக்கை எடுத்துக்கொண்டு, இரவில் கூரை விளக்கை அணைத்துவிட்டு, கரடியைச் சுற்றி மெதுவாக நகர்த்திப் பாருங்கள். எந்த இடத்தில் முதுகு உயிர்க்கிறதோ அங்கே மேசை விளக்கு வர வேண்டும். எங்கள் வீட்டில் அது இடது பக்கம், கரடியின் தோளுக்குச் சற்று மேலே, ஒரு முழம் தள்ளி. 2,700 கெல்வின் மஞ்சள் எல்இடி போதும், சூடும் ஏறாது. ஜன்னல் ஒளி இதைவிட அழகு, ஆனால் நேர் வெயில் விழக்கூடாது. வடக்கு ஜன்னல் இருந்தால் பாக்கியம்.

அடுத்து உயரம். தவழும் கரடியைத் தாழ்ந்த மேசையில் வைத்தால் நீங்கள் பார்ப்பது முதுகை மட்டும். முகம் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த அறையில் நீங்கள் எப்படி இருப்பீர்கள் என்று யோசியுங்கள். தத்தாமிப் பாயில் உட்காரும் அறை என்றால் 60, 70 சென்டிமீட்டர், நாற்காலி என்றால் 100-க்கு அருகில், கரடியின் கண் உங்கள் கண்ணைவிடக் கொஞ்சமே தாழ்வாக. ஆந்தை மட்டும் உயரத்தில் இருக்கலாம், மேலிருந்து பார்ப்பதுதான் அதன் இயல்பு. பருந்தைப் பக்கவாட்டில் வையுங்கள், சுருள் விரிவது அந்தப் பக்கத்திலிருந்துதான் தெரியும்.

பார்வை போகும் பக்கம் இடம் விடுங்கள். மூக்கு சுவரில் இடிப்பதுபோல் வைத்த விலங்கு தண்டனையில் நிற்கிற பிள்ளை மாதிரி தெரியும். முன்னால் தன் உடல் நீளத்துக்காவது வெற்றிடம் வேண்டும். பின்னால் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தால் நிழல் தனியாக விழுந்து உருவம் பிரியும். பின்னணி வெறுமையாக இருக்கட்டும். கறுத்த கரடிக்கு வெளிர் சுவர், வெளுத்த பருந்துக்குக் கருநீலத் துணி ஒரு துண்டு.

எண்ணிக்கையில் நான் கண்டிப்பானவள். பதினோரு விலங்கு இருந்தும் கூடத்தில் ஒரு நேரத்தில் இரண்டுதான். மற்றவை அமிலமில்லாத தாளில் சுற்றி, பாவ்லோனியா மரப்பெட்டியில் இருக்கின்றன. புத்தாண்டுக்கு அந்த ஆண்டின் ராசி விலங்கு, கோடையில் யூ மரத் தவளை, பனி விழத் தொடங்கியதும் கரடி. எல்லாவற்றையும் ஒரே அலமாரியில் வரிசையாக அடுக்கினால் பரிசுக்கடை போலாகிவிடும், கண் எதிலும் நிற்காது.

நிலநடுக்கத்தை மறக்க முடியாத நாடு இது. மூன்று கிலோ கரடியைத் தலைமாட்டில் ஒருபோதும் வைக்காதீர்கள். பொருள்கள் நகராமல் அடியில் ஒட்டும் தைஷின் ஜெல்லை நேராக மரத்தில் ஒட்டினால் எண்ணெய்க் கறை ஊறும். நான் செய்வது: பாதத்தைவிடச் சற்றுப் பெரிய பலகை ஒன்றை ஜெல்லால் அலமாரியில் ஒட்டி, அதில் இரண்டு சிறு கொக்கிகளைத் திருகி, கரடியின் கால்களைத் தெகுசு என்னும் தூண்டில் நூலால் அவற்றோடு கட்டிவிடுவேன். அருங்காட்சியகங்களில் செய்கிற முறைதான். இரண்டடி தள்ளி நின்றால் நூல் தெரியாது. வாடகை வீட்டுச் சுவரிலும் ஆணி அடிக்க வேண்டியதில்லை.

பருவத்துக்கு ஏற்ற கவனமும் வேண்டும். பனிக்காலத்தில் ஏர்கண்டிஷனர் வெப்பக்காற்று நேராகப் படும் இடம் கூடாது. அறை ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே போனால் பழைய வெடிப்புகள் வாய் திறக்கும். ஜூன் மழையில் சுவரோடு ஒட்டிய மூலைகளில் பூஞ்சை வரும், வாரம் ஒருமுறை இடம் மாற்றிக் காற்றாட விடுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. எங்கே, எப்போது, எவ்வளவுக்கு, யார் கையிலிருந்து வந்தது என்று ஒரு சிறு தாளில் எழுதி, ஒட்டாமல், அடிப்பலகைக்குக் கீழே மடித்து வையுங்கள். எதிர்வீட்டு அம்மாவின் கரடிக்கு நான் எழுதிய தாளில், அவர் சொன்ன பயணக் கதையும் இருக்கிறது. பென்சில் எழுத்தின் மேல் துணி படாமல்தான் இன்றுவரை துடைக்கிறேன்.